துளசி மிஸ் போடும் மேல் வரி

அக்டோபர் 24, செவ்வாய். விஜயதசமி

காலையிலேயே பள்ளிக்கூடத்தில் கூட்டம். தாம்பாளத்தில் பச்சரிசியைப் பரப்பி, புதிதாகச் சேரும் பிள்ளையை மடியில் உட்கார வைத்து, விரலைப் பிடித்து ‘அ’ எழுத வைக்க வேண்டும். வருஷா வருஷம் இதற்கு என்னைத்தான் உட்கார வைப்பார்கள். தாராபுரத்தில் பாதி ஊருக்கு முதல் எழுத்து எழுத வைத்தது துளசிமணி மிஸ்தான் என்று பிரின்சிபால் ஜெயசுதா மேடம் பெற்றோர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். பாதி ஊர் என்பது அதிகம். கால் ஊர் தேறும்.

‘அ’ முடிந்ததும் எல்லா அப்பாக்களும் ஒரே மாதிரி குனிந்து, “மிஸ், அப்படியே A-வும் எழுத வச்சுருங்க” என்கிறார்கள். ஒருத்தர் A, B, C மூன்றும் வேண்டும் என்று நின்றார். “மீதியை எல்லாம் நாளைக்கு வெச்சுக்கலாங்களா?” என்று கேட்டேன். கேலி புரியாமல், “லீவு இல்லீங்களா நாளைக்கு?” என்றார்.

ஒரு அம்மா மட்டும், “ஏனுங் மிஸ், இத்தனை பெரிய தட்டு இருக்குது. மூலையில துளியூண்டு எழுதறீங்களே?” என்றாள். அரிசி சிந்தக் கூடாது என்பதற்காக என்றேன்.

சர்க்கரைப் பொங்கலில் ஆயா பழனாத்தா முந்திரியை ஒளித்துவிட்டாள்.

அக்டோபர் 30, திங்கள்

விடுமுறை முடிந்து என் யூ.கே.ஜி. கூட்டம் வந்து சேர்ந்தது. ஒரு வாரத்தில் பாதி எழுத்தை மறந்துவிட்டு வந்திருக்கிறார்கள்.

நாலு கோட்டு நோட்டை நான் வீடு என்று சொல்லிக் கொடுத்திருக்கிறேன். மேலே இருக்கும் இடம் மாடி, நடுவில் வீடு, கீழே கிணறு. a, c, e எல்லாம் வீட்டைவிட்டு நகராத சாதுக்கள். b, d, h மாடி ஏறும். g, p, y கிணற்றில் இறங்கும். ஏறுகிறவன் மேல்கோட்டைத் தொட வேண்டும், இறங்குகிறவன் தண்ணீரைத் தொட வேண்டும், பாதியில் நின்றால் கணக்கில்லை. சஃப்வான் எழுதும் y கிணற்றையும் தாண்டி அடுத்த வரியின் மாடியில் போய் நிற்கும். கேட்டால், “அது ஊருக்குப் போகுது மிஸ்” என்பான்.

அவனுக்கு நேர் எதிர் பவ்யாஸ்ரீ. ஒவ்வொரு நோட்டிலும் பக்கத்தின் முதல் வரியை நான் எழுதித் தருவேன். மேல் வரி என்போம். அதைப் பார்த்துப் பிள்ளைகள் கீழே எழுதிக்கொண்டு வருவார்கள். பவ்யா பார்த்து எழுதுவதில்லை, படியெடுக்கிறாள். ஒரு நாள் என் பேனா கசிந்து மேல் வரியில் ஒரு தீற்றல் விழுந்துவிட்டது. அடுத்த நாள் பார்த்தால் அந்தத் தீற்றலையும் ஒவ்வொரு வரியிலும் பென்சிலால் வரைந்துகொண்டு வந்து நிற்கிறாள். அவளைக் கட்டிக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் பள்ளியில் யூ.கே.ஜி.யோடு சரி. ஒன்றாம் வகுப்புக்குப் பெரிய பள்ளிக்கூடம் போக வேண்டும். அங்கே மார்ச்சில் பிள்ளையைத் தனியாக உட்கார வைத்து, பெயரையும் சின்ன எழுத்துகளையும் எழுதச் சொல்வார்கள். கோட்டுக்குள் எழுதாத பிள்ளைக்கு இடம் கிடையாது. அஞ்சு வயசுக்கு இது அநியாயம் என்று வருஷா வருஷம் திட்டுவேன். ஆனால் என்னிடம் படித்த பிள்ளை ஒன்றுகூட அங்கிருந்து திரும்பி வந்ததில்லை. அந்தப் பெருமையும் எனக்கு உண்டு.

நவம்பர் 3, வெள்ளி

காபித்தூள் கடைக்காரர் ஏமாற்ற ஆரம்பித்துவிட்டார். வாசனையே இல்லை. “கமகமன்னு இருக்குதே அம்மிணி” என்கிறார் என் வீட்டுக்காரர். பால் சங்கத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்தவருக்குப் பால் வாசனையைத் தவிர என்ன தெரியும்.

நவம்பர் 8, புதன்

இந்த வருஷ நோட்டில் கோடுகளை அகலமாக அச்சடித்துத் தொலைத்திருக்கிறார்கள். ஹர்ஷித் அம்மா வந்து, “எழுத்தெல்லாம் எறும்பு ஊர்ற மாதிரி இருக்குதுங் மிஸ்” என்றார். நோட்டைக் காட்டிச் சொன்னேன். பழைய நோட்டு ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். “ஒரே அளவாத்தானுங் இருக்குது” என்றார். சிலருக்கு எல்லாவற்றையும் அளந்து பார்க்க வேண்டும்.

நவம்பர் 14, செவ்வாய்

குழந்தைகள் தினம். மிஸ்கள் எல்லாரும் ஆட வேண்டும் என்று ஒரே அமளி. நானும் ஆடினேன். எல்.கே.ஜி. மிஸ் கீர்த்திகா செல்போனில் படம் பிடித்துக் காட்டினாள். வலது கையை வீச மறந்து, வயிற்றோடு ஒட்டி வைத்துக்கொண்டு ஆடியிருக்கிறேன். வேப்பிலை மட்டும்தான் குறை.

மிட்டாய் கொடுக்கும்போது பவ்யா என் முகத்தையே பார்த்தாள். “மிஸ், யார் மேல கோவம்?”

“யார் மேலயும் இல்லியே கண்ணு. சிரிச்சுட்டுத்தான இருக்கேன்.”

“எங்க?” என்றாள்.

நவம்பர் 21, செவ்வாய்

பிரின்சிபால் மேடம் கூப்பிட்டு அனுப்பினார். மேசை மேல் என் பிள்ளைகளின் நோட்டுகள். ஒவ்வொரு பக்கத்திலும் b மாடிப்படி பாதியில் உட்கார்ந்திருக்கிறது. g கிணற்றை எட்டிப் பார்த்ததோடு சரி.

“ஜூலையில எழுதினதைப் பாருங்க மிஸ், இப்ப எழுதினதைப் பாருங்க. ஒருத்தர் ரெண்டு பேர்னா பரவால்ல. மொத்த கிளாஸும். பேரன்ட்ஸ் மூணு பேர் வந்துட்டாங்க. மார்ச்சுல இதைக் கொண்டுபோய் எப்படிங்க காட்டறது?”

பிள்ளைகள் செல்போன் பார்த்துக் கெட்டுப்போய்விட்டார்கள், விரலில் பலம் இல்லை என்றேன். இன்னும் ஏதேதோ சொன்னேன். மேடம் நடுவில், “கொஞ்சம் சத்தமா சொல்லுங்க மிஸ், கேக்கல” என்றார். வீட்டில் இவரும் அதையேதான் சொல்கிறார். எல்லாருக்கும் ஒரே சமயத்தில் காது மந்தமானால் நான் என்ன செய்ய.

நாளையிலிருந்து கண்டிப்பாக இருக்கப் போகிறேன். எழுத்து கோட்டைத் தொடாவிட்டால் விளையாட்டு கிடையாது.

நவம்பர் 22, புதன்

ஒருத்தருக்கும் விளையாட்டு கிடையாது. எல்லாரும் அழுதார்கள். எல்லாக் கோட்டையும் தாண்டுகிற சஃப்வான் மட்டும் விளையாடப் போனான்.

டிசம்பர் 1, வெள்ளி

பழனியில் அண்ணன் மகள் கல்யாணம். இரண்டு நாள் போய்விட்டு வந்தேன். என் வகுப்பைக் கீர்த்திகா பார்த்துக்கொண்டாள். பட்டுச்சேலைக்கு ஊக்கு குத்துவதற்குள் முகூர்த்தமே முடிந்துவிடும்போல் ஆகிவிட்டது. கடைசியில் அண்ணிதான் குத்திவிட்டாள்.

இன்று வந்து நோட்டைத் திறந்தால், கீர்த்திகா மேல் வரி போட்ட இரண்டு பக்கங்களிலும் b-க்கள் எல்லாம் மாடியில் ஏறி நிற்கின்றன. g-க்கள் எல்லாம் கிணற்றில் குளிக்கின்றன. எரிச்சலாக வந்தது. ஆறு மாதமாகத் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்துகிறவள் நான். நேற்று முளைத்தவள் இரண்டு நாள் வந்ததற்கு இத்தனை மரியாதையா? அவளிடம் நன்றி சொன்னேன். நன்றாக வராத நன்றி.

டிசம்பர் 4, திங்கள்

வழக்கம்போல நான் மேல் வரி போட்டேன். வழக்கம்போல எல்லாரும் சின்னதாக எழுதினார்கள். எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. முன்வரிசையில் இருந்த பவ்யாவைப் பிடித்துக்கொண்டேன்.

“கீர்த்திகா மிஸ்ஸுக்கு மட்டும் பெருசா எழுதுவியா? எனக்கு எழுத மாட்டியா?”

அவள் பயந்துபோய் நோட்டை என் பக்கம் திருப்பினாள். விரலை மேல் வரியில் வைத்து, அடுத்து தன் வரியில் வைத்து, மறுபடி மேல் வரியில் வைத்தாள்.

“நீங்க எப்படிப் போட்டீங்களோ அப்படியேதான மிஸ் போட்டிருக்கேன்.”

அப்படியேதான் போட்டிருந்தாள். என் b மாடி ஏறவில்லை. வரியின் தொடக்கத்தில் கொஞ்சம் முயற்சி செய்திருக்கிறது, நடுவில் களைத்து, கடைசியில் a உயரத்துக்கு வந்துவிட்டது. பிள்ளைகள் ஒவ்வொருவரும் அதே இடத்தில் களைத்து, அதே இடத்தில் குறுகியிருக்கிறார்கள். எல்லா நோட்டையும் திறந்து பார்த்தேன்.

அவர்களுக்கு ஒரு குறையும் இல்லை. குறை மேல் வரியில் இருக்கிறது.

டிசம்பர் 5, செவ்வாய்

எழுதப் பிடிக்கவில்லை.

டிசம்பர் 7, வியாழன்

கடையில் நாலு கோட்டு நோட்டு ஒன்று வாங்கி வந்து சமையலறையில் வைத்து எழுதிப் பார்த்தேன். முதல் b நிற்கிறது. நாலாவது கூனுகிறது. பத்தாவது தவழ்கிறது. பேனாவை மாற்றினேன், உயரமான ஸ்டூலில் உட்கார்ந்தேன். நடுக்கம் ஒன்றும் கிடையாது. பனிக்காலம், விரல் விறைத்திருக்கும். தூக்கமும் சரியில்லை.

இந்த டைரியில் முன்பெல்லாம் ஒரு நாளுக்கு ஒரு பக்கம் போதாது. இப்போது எவ்வளவு எழுதினாலும் அரைப் பக்கம் மிஞ்சுகிறது. சுருக்கமாக எழுதப் பழகிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

டிசம்பர் 11, திங்கள்

ஒரு வழி கண்டுபிடித்தேன். நோட்டுகளை எல்லாம் கட்டைப்பையில் வீட்டுக்குக் கொண்டுவந்து இவர் முன்னால் வைத்தேன்.

“என்ன அம்மிணி, திருத்தறதுக்கு எங்கிட்ட கொண்டாந்திருக்கிற?”

“திருத்த வேண்டாங்க. மேல் வரி மட்டும் போட்டுக் குடுங்க. எனக்குக் கை வலி.”

என் கையைப் பார்த்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். “கோட்டத் தொடணுமா?” என்றார். தொட வேண்டும் என்றேன். ஒவ்வொரு எழுத்தாக, நாக்கைக் கடித்துக்கொண்டு, அஞ்சு வயசுப் பிள்ளை மாதிரி எழுதினார். நடுநடுவே, “q-வுக்கு வால் எந்தப் பக்கம்?” என்று கேள்வி. கல்யாணம் ஆன புதிதில்கூட இந்த மனுஷன் மேல் எனக்கு இத்தனை பிரியம் வந்ததில்லை.

டிசம்பர் 13, புதன்

மொத்த வகுப்பும் இடது பக்கம் சாய்ந்துவிட்டது.

பால் சங்கத்தில் ஒரு கையால் லிட்டர் அளவைப் பிடித்துக்கொண்டு மறு கையால் எழுதி எழுதி இவர் எழுத்து பின்பக்கம் சரிந்திருக்கும். அது எனக்குப் பழகிப்போன எழுத்து, கவனிக்கவே இல்லை. பிள்ளைகள் கவனித்துவிட்டார்கள். b எல்லாம் பெரிதாக மாடி ஏறி, அங்கிருந்து பின்னால் விழப் பார்க்கிறது. பவ்யா நோட்டில் சாய்மானம் இவர் எழுத்திலிருந்து ஒரு நூல் பிசகாமல் இருக்கிறது. இவர் r-க்கு மேலே ஒரு கொக்கி போடுவார். அதையும் வகுப்பே போட்டிருக்கிறது.

பிரின்சிபால் மேடம் நோட்டைத் தலையைச் சாய்த்து வைத்துப் பார்த்தார். “போன வாரம் எறும்பு. இந்த வாரம் காத்தடிச்ச வாழைத்தோப்பு. என்னதாங்க மிஸ் நடக்குது உங்க கிளாஸுல?”

வீட்டில் வந்து சொன்னதும் இவர் சிரிக்க ஆரம்பித்தார். நானும் சிரித்தேன். வயிறு வலிக்கச் சிரித்தோம். அப்புறம் இவர் சிரிப்பை நிறுத்திவிட்டு என் வலது கையைப் பிடித்துக்கொண்டார். “சட்டைக்கு நீ பட்டன் தெச்சு மூணு மாசமாச்சு. நடக்கறப்ப இந்தக் கையி ஆடறதே இல்லை. நானும் நீயே சொல்லுவேன்னு பாத்துட்டிருந்தேன். கோயமுத்தூர் போலாமா அம்மிணி?”

சரி என்றேன்.

டிசம்பர் 18, திங்கள்

கோயமுத்தூர். நரம்பு டாக்டர் சின்ன வயசு. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வேகமாகத் தட்டச் சொன்னார். நடக்கச் சொன்னார், திரும்பச் சொன்னார். காபி வாசனை தெரிகிறதா என்று கேட்டார். அப்போதுதான் கடைக்காரருக்காக வருத்தப்பட்டேன்.

பிறகு ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து, “ஏதாவது எழுதுங்கம்மா” என்றார். என்ன எழுதுவது? a-யிலிருந்து z வரை எழுதினேன். தாளைத் திருப்பி எனக்கே காட்டினார். a கடுகு. z ரவை.

பார்க்கின்சன் என்றார். சில பேருக்கு நடுக்கத்தில் ஆரம்பிக்காதாம், இப்படி எழுத்து சிறுத்து, குரல் சிறுத்து, முகத்தில் சிரிப்பு சிறுத்து ஆரம்பிக்குமாம். மாத்திரை இருக்கிறது, விடாமல் சாப்பிட வேண்டும், வெகுகாலம் நடமாடலாம், வேலை பார்க்கலாம், முழுக்கக் குணமாகாது. எல்லாவற்றையும் தெளிவாகச் சொன்னார். நல்ல பிள்ளை. “கிளாஸ் எடுக்கலாமா?” என்று கேட்டேன். தாராளமாக எடுக்கலாம் என்றார். எழுத்துதான் முன்னே மாதிரி வருமென்று சொல்ல முடியாது என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் இவர் ஜன்னலோரம் எனக்குக் கொடுத்தார். பல்லடம் வரை அழுதேன். எனக்குப் பயமாக இருக்கிறது. சாவை நினைத்து இல்லை. என் கையை அந்தப் பிள்ளைகள் நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

ஜனவரி 3, புதன்

பள்ளி திறந்த முதல் நாளே பிரின்சிபால் அறையில் போய்ச் சொல்லிவிட்டேன். மேடம் எழுந்து வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். என்னைவிடப் பத்து வயசு சின்னவர். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அப்புறம் பிரின்சிபாலாகப் பேசினார். அது அவர் வேலை. “மார்ச்சுக்கு இன்னும் ரெண்டு மாசந்தான் இருக்குதுங்க மிஸ். கீர்த்திகாவை மேல் வரி போடச் சொல்லிருவோம். நீங்க ரைம்ஸும் கதையும் பாத்துக்கங்க.”

நியாயம்தான். ஆனால் நேற்று முழுக்க நான் யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன். நான் போட்டால் என்னை மாதிரி எழுதுகிறார்கள், இவர் போட்டால் இவரை மாதிரி, கீர்த்திகா போட்டால் கீர்த்திகா மாதிரி. மார்ச்சில் பெரிய பள்ளிக்கூடத்தில் வெறும் தாளைக் கொடுப்பார்கள். அங்கே மேல் வரி யார் போடுவார்கள்? மற்ற பிள்ளைகள் சமாளித்துவிடும். பவ்யா மாதிரிப் பிள்ளை வெறும் தாளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கும்.

“மேல் வரியே வேண்டாங்க மேடம். வாயால சொல்றேன், கையைக் காத்துல வீசிக் காட்டறேன். அவங்களே எழுதட்டும்.”

ஜனவரி கடைசி வரை பார்க்கலாம் என்றார். அதற்குள் சரியாகாவிட்டால் வகுப்பு கீர்த்திகாவுக்கு.

ஜனவரி 8, திங்கள்

மேல் வரி இல்லாத முதல் நாள். வகுப்பின் நடுவில் நின்றுகொண்டு, கையை நீட்டி, “நிக்கற கோடு, மாடியில இருந்து வீட்டுக்கு. இப்ப வயிறு, வீட்டுக்குள்ள” என்று b போட்டேன். காற்றில் போட்டால் எனக்குப் பெரிதாகவே வருகிறது. எல்லாரும் எழுந்து நின்று காற்றில் போட்டார்கள். சஃப்வான் பக்கத்தில் இருந்தவன் மூக்கில் போட்டான்.

நோட்டில் எழுதச் சொன்னதும் சந்தைக்கடை. ஒருத்தன் b-யைத் திருப்பிப் போட்டான், ஒருத்தி அதற்குக் கண்ணும் வாயும் வைத்தாள். ஆனாலும் எழுதினார்கள்.

பவ்யா எழுதவில்லை. பென்சிலைச் சீவி, நோட்டைத் திறந்து, முதல் வரியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். மணி அடிக்கும்போது மெதுவாக வந்து, “மேல வரி போட மறந்துட்டீங்க மிஸ்” என்றாள்.

ஜனவரி 11, வியாழன்

பவ்யா நோட்டு இன்றும் வெள்ளை. அழுகிறாள். என் கையைப் பிடித்துப் பேனாவைத் திணிக்கிறாள். நானும் கழிப்பறைப் பக்கம் போய் ஒரு பாட்டம் அழுதுவிட்டு வந்தேன்.

ஜனவரி 12, வெள்ளி

பவ்யாவின் அம்மா சௌந்தரி வந்தாள். பனியன் கம்பெனி ஷிப்டுக்கு நடுவில் வந்திருக்கிறாள். கழுத்தில் நூல் பிசிறு ஒட்டியிருந்தது.

“ஏனுங் மிஸ், எம் புள்ள ராத்திரி சோறு திங்க மாட்டேங்குது. ஒத்த வரி போட்டுக் குடுத்தா என்ன போயிருதுங்? அந்தப் பள்ளிக்கூடத்துல சீட்டுக் கெடைக்கோணும்னுதான நாங்க ரெண்டு பேரும் இப்படி ஓடறம்?”

மறைப்பதில் அர்த்தமில்லை. கரும்பலகையில் ஒரு வரி எழுதிக் காட்டினேன். எழுத எழுதச் சிறுத்துக்கொண்டே போனது. எனக்கு வந்திருப்பதைச் சொன்னேன்.

சௌந்தரி கரும்பலகையையும் என்னையும் பார்த்தாள். “ஐயோ” என்றாள். கழுத்தில் ஒட்டிய நூலைப் பிய்த்துக்கொண்டே, “அப்பறம் எதுக்குங் மிஸ் ரிஸ்க்கு? வேற மிஸ்ஸு யாராச்சும் போட்டுக் குடுக்கட்டுங்” என்றாள். கெட்டவள் இல்லை. அவள் இடத்தில் நான் இருந்தாலும் அதையே கேட்டிருப்பேன். இந்த மாசம் முழுக்கப் பொறுங்கள் என்று கும்பிட்டுக் கேட்டேன்.

ஜனவரி 22, திங்கள்

பொங்கல் லீவு முடிந்தது. மாத்திரை வேலை செய்கிறது. ஊக்கு குத்த முடிகிறது. எழுத்து மட்டும் அப்படியே.

இன்று பிள்ளைகளை முற்றத்துக்குக் கூட்டிப் போனேன். ஆளுக்கொரு டம்ளர் தண்ணீர். சிமெண்டுத் தரையில் விரலால் தொட்டு எழுத வேண்டும். எத்தனை பெரிதாக வேண்டுமானாலும் எழுதலாம். வெயில் வந்து அழித்துவிடும். “தரையைத் தொடச்சு ஒரு மணி நேரம் ஆகல, டீச்சரு. எல்லாம் சேத்துக் காலோட உள்ள வருமுங்” என்று பழனாத்தா கத்தினாள். கத்தட்டும், முந்திரித் திருடி.

பவ்யா சுற்றிலும் பார்த்தாள். பார்த்து எழுத மேல் வரி இல்லை, சஃப்வான்தான் இருந்தான். அவன் வாசல் கேட்டு வரைக்கும் வாலை இழுத்து ஒரு y போட்டுக்கொண்டு ஓடினான். இவளும் பின்னாலேயே அதே y-யைப் போட்டுக்கொண்டு ஓடினாள். படியெடுத்தல்தான். ஆனால் ஓடிக்கொண்டே படியெடுத்தாள், சிரித்துக்கொண்டே.

ஜனவரி 29, திங்கள்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

மதியம் மற்ற பிள்ளைகள் சாப்பிடப் போய்விட்டார்கள். பவ்யா போகவில்லை. கரும்பலகை அருகில் வந்து, “ஒரே ஒரு b மட்டும் போடுங்க மிஸ். நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்” என்றாள். லஞ்சம் கேட்கிற மாதிரி மெதுவாகக் கேட்டாள். மனசு கேட்கவில்லை. பலகையில் நாலு கோடு போட்டு b எழுதினேன். வழக்கம்போலப் பாதிப் படியில் நின்றுவிட்டது.

பார்த்து எழுதச் சாக்பீஸை எடுத்தாள். எடுத்தவள் எழுதவில்லை. தலையைச் சாய்த்து என் b-யையே பார்த்தாள். மேல்கோட்டைப் பார்த்தாள்.

“மிஸ், இது மாடிக்குப் போகல.”

“போகலியா?”

“இல்ல. பாதியில நின்னுருச்சு. பாதியில நின்னா கணக்கில்லன்னு நீங்கதான சொன்னீங்க?”

தீற்றலைக்கூட வரைந்துகொண்டு வந்த பிள்ளை. என் எழுத்தில் ஒரு குறை இருக்க முடியும் என்று அதுவரை அவளுக்குத் தோன்றியதே இல்லை. சுருக்கென்று இருந்தது, பொய் சொல்லவில்லை. இருபத்தெட்டு வருஷத்தில் என் எழுத்தை யாரும் தப்பு என்று சொன்னதில்லை.

“அப்ப சரியா எப்படிப் போகோணும்?” என்று கேட்டேன்.

முக்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள். மேல்கோட்டில் சாக்பீஸை வைத்து நேராக இறக்கி, வயிறு போட்டாள். வயிறு கொஞ்சம் பெருத்துவிட்டது. என் b மாதிரி இல்லை, கீர்த்திகா b மாதிரி இல்லை, பால் சங்கத்து b மாதிரியும் இல்லை. இப்படி ஒரு b-யை நான் பார்த்ததே இல்லை.

“இப்படி” என்றாள். கையைத் தட்டிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டாள். நான் சாப்பாட்டை மறந்து அங்கேயே நின்றேன்.

ஜனவரி 31, புதன்

பிரின்சிபால் மேடம் நோட்டுகளைப் பார்த்தார். கோட்டைத் தொடாதவர்கள் இரண்டு மூன்று பேர் இருக்கிறார்கள், அவர்களைத் தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். மற்றபடி ஒரு நோட்டு மாதிரி இன்னொன்று இல்லை. “வரிசையா வெச்சுப் பாத்தா மொதல்ல இருந்த அழகு இல்லீங்க மிஸ்” என்றார். இல்லைதான். முன்பெல்லாம் என் வகுப்பு நோட்டுகளைப் பரப்பி வைத்தால் ஒரே கை எழுதியது மாதிரி இருக்கும். அது என் கை. இப்போது ஒருத்தி கோலம் போடுகிறாள், ஒருத்தன் மல்லுக்கு நிற்கிறான், இன்னொருத்தன் தூக்கத்தில் எழுதுகிறான்.

மார்ச் வரை வகுப்பு எனக்கே. ஜூனில் கீர்த்திகா யூ.கே.ஜி.க்கு வருவாள், நான் கதையும் ரைம்ஸும். நானே ஒப்புக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது. கொஞ்சம் இல்லை, நிறைய.

பிப்ரவரி 19, திங்கள்

ஹர்ஷித்தை அவன் அம்மா டியூஷனுக்குச் சேர்த்துவிட்டார். அங்கே மேல் வரி போட்டுத் தருகிறார்களாம்.

மார்ச் 9, சனி

பெரிய பள்ளிக்கூடத்தில் இன்றுதான் எழுத்துத் தேர்வு. நான் போயிருக்கக் கூடாது. இவர் வேண்டாம் என்று சொல்லியும் போய், கேட்டுக்கு எதிரே இளநீர் வண்டி நிழலில் நின்றுகொண்டேன். வேண்டாத இரண்டு இளநீர் குடித்தேன்.

என் பிள்ளைகள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். சஃப்வான் என்னைப் பார்த்ததும் ரோட்டின் அந்தப் பக்கத்திலிருந்தே, “பேப்பர் பத்தல மிஸ்” என்று கத்தினான்.

பவ்யா வரவில்லை. எல்லாரும் வந்துவிட்டார்கள், அவள் மட்டும் வரவில்லை. வெறும் தாளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்றே நினைத்தேன். நான் என் பிடிவாதத்துக்காக ஒரு பிள்ளையைக் கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

கடைசியில் சௌந்தரி அவளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். முகமெல்லாம் பல். இடம் கிடைத்துவிட்டது. என்னைக் கண்டதும் பல்லை மறைத்துக்கொண்டு சங்கடமாக நின்றாள்.

“மன்னிச்சுருங் மிஸ். இந்தப் புள்ளைக்கு ஒண்ணுந் தெரியலீங். பக்கம் நெறைய எழுதிருக்குது. அந்த மேடத்துக்கு அத்தனை சந்தோசம். ‘நல்லாருக்கே, யாரு சொல்லிக் குடுத்தா?’ன்னு கேட்டாங்க. என்னையும் உள்ள கூப்பிட்டிருந்தாங்க, நானு பக்கத்துலயே நிக்கறேன், துளசி மிஸ்ஸுன்னு சொல்லும்னு பாத்தா...”

“என்ன கண்ணு சொன்ன?”

பவ்யா என்னை நிமிர்ந்து பார்த்தாள். இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்கிற மாதிரிப் பார்த்தாள்.

“யாரும் இல்லை, நானேதான் எழுதினேன்னு சொன்னேன்.”

சௌந்தரி அவள் தோளில் ஒரு தட்டு தட்டினாள். “மிஸ்ஸு பேரைச் சொல்லோணும்ல?” நான் பிள்ளையை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். திட்டாதீங்க, சரியாத்தான் சொல்லியிருக்கிறாள் என்றேன். குரல் வந்ததா என்று தெரியவில்லை. அவளுக்கும் ஒரு இளநீர் வாங்கிக் கொடுத்தேன். வழுக்கையைச் சுரண்டித் தின்றுவிட்டு அம்மாவோடு பஸ் ஏறிப் போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்து இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சொன்னதை இரண்டு தரம் சொன்னேன். சந்தோஷம்தான், ஆனாலும் உள்ளே எங்கேயோ வலித்தது.

“யாருமே சொல்லிக் குடுக்கலீன்னா, இத்தனை வருசமா உனக்கு எதுக்கு அம்மிணி சம்பளம் குடுத்தாங்க?” என்றார்.

இதற்குத்தான் என்று நினைக்கிறேன்.